அத்திக்கு இட்ட பெயர்

பழுத்துக் குலுங்கிய அத்தி மரத்தில் ஒரு பறவைகூட இல்லை.

ஏரம்பமூர்த்தி அதைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுவிட்டார். கூட வந்த மந்தைக்கு அது உறைக்கவில்லை. அவர்களுக்கு மரம் என்றால் நிழல், பறவை என்றால் சத்தம், அவ்வளவுதான். காட்டில் ஓர் அத்தி பழுத்தால் அது கல்யாண வீடு. குக்குறுவான், பச்சைப்புறா, மைனா, குரங்கு என்று அழைத்ததும் அழைக்காததும் வந்து விழுந்து தின்னும். பாதி கடித்த பழம் காலடியில் வழுக்கும். இங்கே கிளை தெரியாமல் அப்பிக்கொண்டிருந்த பழங்கள் கருஞ்சிவப்பில், மெழுகு பூசினதைப் போல மினுங்கின. ஒன்றிலாவது கொத்தின வடு இல்லை. கீழே உதிர்ந்து கிடந்தவற்றை எறும்புகூட மொய்க்கவில்லை. ரப்பர் தோட்டத்தின் ஓரம்வரை தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வந்த கரிச்சான் குருவி அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு இப்பால் காடு வாயை மூடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. இந்த இயற்கை நடைக் குழுவைத் தொடங்கிய வெள்ளைக்காரர் இதற்கு 'இலையுதிர்கால நடை' என்று பெயர் வைத்திருந்தார். வருஷம் முழுக்க ஒரே பச்சையாகப் புழுங்கும் சிங்கப்பூரில் எந்த இலை எந்தக் காலத்தில் உதிர்ந்தது? வடக்கே குளிர் தட்டியதும் இங்கே பறந்துவந்து இறங்கும் கீச்சானையும் பஞ்சுருட்டானையும் பார்க்கிறோம் என்று, ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு புறப்பட்டு, மண்டாய் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, குடுவைச்செடியைக் கண்டால் "ஐ, குரங்குக் கோப்பை!" என்று கூவும் வாத்தியார்கள், குமாஸ்தாக்கள். இவர்களோடு ஏன் வருகிறோம் என்று ஏரம்பமூர்த்தி தம்மையே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. தனியாக வந்தால் தம் அறிவைக் கண்டு வாய் பிளக்க ஆளிருக்காது என்பதுதான் பதில். அந்தப் பதிலை மட்டும் அவர் தமக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

"எல்லாரும் நில்லுங்க," என்றாள் மங்களம் டீச்சர். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவள். காட்டுக்குள்ளும் வகுப்பு எடுப்பாள். "பெரிய மரம் வந்திருச்சு. இங்க யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. அண்ணே, அக்கா, சார், டீச்சர், அதோட நிறுத்திக்கங்க. பேரு இங்க விழுந்துச்சுன்னா மரம் எடுத்துக்கும். அப்புறம் வீட்டு ஆளு வந்து, மரத்துக்கு முன்னால நின்னு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பக் கிடைக்கும்."

"எடுத்துக்கொண்டு அது என்ன செய்யும்? ஐடென்டிட்டி கார்டுக்கு எழுதிப் போடுமோ?" என்றார் ஏரம்பமூர்த்தி.

நாலைந்து பேர் சிரித்தார்கள். மங்களம் சிரிக்கவில்லை. மரத்தடியில் குங்குமம் அப்பிய ஒரு கல்லும் துருப்பிடித்த சூலமும் இருந்தன. எந்தக் காலத்திலோ ரப்பர் தோட்டத்து ஆட்கள் நட்டுவைத்தவை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். "ஐயா, வழி விடுங்க. பாத்துட்டுப் போயிடறோம்."

ஒவ்வொருவராக அதையே சொல்லிவிட்டுக் கடந்தார்கள். சேதுபதியும் சொன்னான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பட்டம் வாங்கியவன், சட்டைப்பையில் இரண்டு பேனா!

"தம்பி, நீர் பட்டம் வாங்கின ஆள். மரத்திட்டைப் போய்ப் பாஸ் கேட்டு நிக்கிறீர்," என்றார் ஏரம்பமூர்த்தி.

"சும்மா ஒரு வார்த்தை கேட்டா என்ன சார் கொறைஞ்சு போகுது? நம்ம வீடு இல்லை லா இது." சேதுபதி பல்லைக் காட்டினான். "வியாழக்கிழமை இன்டர்வியூ வேற இருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்தே வேண்டிக்கிட்டேன்."

வேண்டிக்கொண்டானாம். அரசாங்கத் தோட்டத்தின் உலர்தாவர அறையில் வெள்ளைக்கார மேலதிகாரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சுயாட்சி வந்தாயிற்று, அவர் நாற்காலி உள்ளூர்க்காரன் ஒருவனுக்கு. ஒன்று, இருபது வருஷமாகக் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி ஒட்டி விரல் நுனி மரத்துப்போன தலைமைக் குமாஸ்தா ஏரம்பமூர்த்தி. அல்லது, நேற்று முளைத்த இந்தச் சேதுபதி. பட்டம் அவனிடம் இருந்தது. தம்மிடம் என்ன இருக்கிறது என்று ஏரம்பமூர்த்தி இராப்பகலாக யோசித்துக்கொண்டிருந்தார்.

இப்போது தெரிந்தது. கைக்கெட்டிய கிளையை வளைத்து இலையைத் திருப்பினார். அடிப்புறம் பொன்துரு நிறத்தில் ரோமம். பழத்தின் காம்பில் மூன்று கொம்பு. இப்படியொரு அத்தி அவர் ஒட்டிய எந்தத் தாளிலும் இல்லை. புதுசு. உலகத்துக்கே புதுசு!

மற்றவர்கள் பாதை வளைவில் மறையும்வரை, செருப்பு வார் அறுந்ததாகப் பாசாங்கு செய்து பின்தங்கினார். பிறகு மரத்தைச் சுற்றிவந்தார். இன்னொரு மரத்தின்மேல் பறவை போட்ட எச்சத்தில் முளைத்து, வேரை இறக்கி, அந்த மரத்தைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொன்று நிற்கும் சாதி அத்தி இது. உள்ளே இருந்த மரம் எப்போதோ மக்கிப்போய், வேர்கள் பின்னிய கூடு மட்டும் மிச்சம். குனிந்து பார்த்தார். உள்ளே இருந்த வெற்றிடம் மரத்தின் வடிவத்தில் இல்லை. கீழே குறுகி, மேலே தோள்போல அகன்று, அதற்கும் மேலே கழுத்தளவு ஒடுங்கி, ஓர் ஆள் நிற்கும் உயரத்தில் முடிந்தது. தற்செயல்தான். மங்களம் டீச்சர் பார்த்திருந்தால் இதற்கும் ஒரு கதை கட்டியிருப்பாள்.

"பேர் வேணுமோ உனக்கு? தாறன். என்ர பேரைத் தாறன்," என்றார் மரத்திடம்.

கண்டுபிடித்தவன் தன் பெயரையே செடிக்கு வைப்பது அழகல்ல என்பார்கள் துறையில். அது வெள்ளைக்காரன் வைத்த மரியாதை. வெள்ளைக்காரன்தான் கப்பலேறப் போகிறானே. ஏரம்பமூர்த்திக்கு ஒரு குறும்பு தோன்றியது. குழந்தைக்குப் பெயரிடும்போது மடியில் கிடத்தி, காதருகே குனிந்து, மூன்று முறை பெயரை ஓதுவார்களே, அப்படி. அவர் மடியில் அப்படியொரு குழந்தை கிடந்ததில்லை. அதற்கும் மனைவி பூரணத்தைத்தான் குற்றம் சொல்லியிருந்தார். வேர்களுக்கு நடுவே காதுமடல் போலச் சுருண்டிருந்த பொந்தில் வாயை வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓதினார்.

"ஏரம்பமூர்த்தி. ஏரம்பமூர்த்தி. ஏரம்பமூர்த்தி."

பொந்திலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. முதலில் மக்கின இலை வாசம். அடுத்து, சந்தேகமே இல்லாமல், அவர் தலையில் தேய்த்திருந்த அதே எண்ணெயின் வாசம். தம் தலை வாசம்தான் திரும்பி அடிக்கிறது. வேறென்ன?

கிளையை வெட்டிக் கித்தான் பையில் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். பின்னால் யாரோ ஒருமுறை இருமினார்கள். அது அவருடைய இருமல்.

கரிச்சான். எந்தச் சத்தத்தையும் திருப்பிச் சொல்லும் பறவை. அவருக்குத் தெரியாதா!

அன்று மாலை அவர் சிராங்கூன் சாலையில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது, சாலையோர மரங்களில் மைனாக்கள் அடைந்துகொண்டிருந்தன. அந்தக் கூச்சலைத் தேக்கா வட்டாரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். பூக்கட்டுகிறவர்கள்கூட அந்நேரத்தில் கத்தித்தான் விலை சொல்வார்கள். முதல் மரத்தின் கீழே அவர் வந்ததும் அது நின்றது. ஒரு மரம் மட்டும். எதிர்ச்சாரியில் கூச்சல் அப்படியே இருந்தது. அவர் அடுத்த மரத்துக்கு வந்தார். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தார்; விட்டுவந்த மரம் மறுபடி கத்தத் தொடங்கியிருந்தது. மல்லிகையும் வறுத்த மல்லியும் சாக்கடையும் கலந்து மணக்கும் அந்தத் தெரு நெடுக, தலைக்கு மேல் குடை பிடித்ததைப் போல ஒரு வட்ட மௌனம் அவரோடு கூடவே நடந்துவந்தது.

கெர்பாவ் சாலையில் அவர் வீட்டுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் ஹமீது, பத்து வருஷமாக அவரைக் கண்டதும் முழுப்பெயரைச் சொல்லி வரவேற்பவர். அந்த மனிதருக்கு அதில் ஒரு ருசி.

"வாங்க..." என்று வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். நெற்றியைச் சொறிந்தார். "வாங்க... வாங்க சார். நடையெல்லாம் நல்லபடியா போச்சா?"

வயசாகிறது, புத்தி மழுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அவர் படியேறினார்.

மேலே பூரணம் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். அவள் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது யாழ்ப்பாணத்திலிருந்து அவள் கொண்டுவந்த சீதனங்களில் ஒன்று. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட "யானைமுகத்தாற்ற பேர்" என்று சொல்லி, தாதிகளைச் சிரிக்கவைத்தவள். அந்த மூடத்தனத்தை அவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். உள்ளூர அது அவருக்குப் பிடித்திருந்தது.

"இஞ்சேருங்கோ, சாப்பிடுறியளே? கத்தரிக்காய்க் குழம்பு வைச்சனான்."

"உன்ர குழம்பைத் தின்னுறதிலும் பார்க்க அந்த அத்திக்காயைத் தின்னலாம்."

அவள் அடுப்படிக்குப் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து கிளையைப் பரப்பினார். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாள்களில் செடியை விரித்து, வாரால் இறுக்கிக் கட்டி, ஈரம் ஊறிய தாளைத் தினமும் மாற்றிக்கொண்டே வந்தால் அது காய்ந்துவிடும். அவர் கைபட்டுக் காயாத செடியில்லை.

இது காயவில்லை. காலையில் தாள்கள் நனைந்து, வெதுவெதுப்பாக, தலையெண்ணெய் வாசமடித்தன. மாற்றினார். மாலையிலும் அப்படியே. சட்டத்தின் வார் தளர்ந்திருந்தது, மறுபடி இறுக்கினார். மறுநாள் அது இன்னும் ஒரு துளை தள்ளிப் போயிருந்தது.

"உந்தச் செடி மூச்சு விடுது," என்றாள் பூரணம், வாசற்படியைத் தாண்டாமல்.

"உனக்கு மூளை கிடக்கே? ஈரம் அது. ஈரத்துக்குக் கடதாசி உப்பும்."

ஆனால் அவள் போன பிறகு அவர் சட்டத்தின்மேல் காதை வைத்துப் பார்த்தார். தாளுக்கு நடுவே எதுவோ நிதானமாக, தூங்குகிறவன் மார்பைப் போல, எழுந்து தாழ்ந்தது. அவர் தம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதுவும் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை மாலை, செடிக்கான பெயர்ச்சீட்டை எழுத உட்கார்ந்தார். மறுநாள் தெரிவுக்குழுவின் மேசைமேல் இதை வைக்க வேண்டும். சேதுபதி முகம் சுண்டிப்போக வேண்டும். லத்தீனில் அத்தி என்று எழுதினார். அதற்கடுத்துத் தம் பெயரை எழுதப் பேனாவை வைத்தார். பேனா நின்றது. மையை உதறினார். மை விழுந்தது. எழுத்து வரவில்லை. அசதி, என்று எழுந்துபோனார்.

வியாழன் காலை சவரம் செய்யும்போது தாடையில் கத்தி பட்டது. எரிந்தது. விரலை வைத்து எடுத்துப் பார்த்தார். சிவப்பு இல்லை. பால். அத்தியை ஒடித்தால் வடியுமே, அந்தப் பிசுபிசுத்த வெள்ளைப் பால், தாடையிலிருந்து இறங்கிக் கழுத்துப்பட்டையில் சொட்டியது. சவர்க்கார நுரை என்று சொல்லிக்கொண்டு துடைத்தார். துடைத்த இடத்தில் பிடரித் தோல் சொரசொரத்தது.

தெரிவுக்குழுவில் மூன்று பேர். தலைக்கு மேல் விசிறி கிறீச்சிட்டது. ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் சிட்டுக்குருவிகள் இரைச்சலிட்டுக்கொண்டிருந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஓய்ந்தன. நடுவில் இருந்தவர் கோப்பைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"மன்னிக்கவும். இங்கே சரியாகத் தெரியவில்லை. உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

அவர் வாயைத் திறந்தார்.

ஒன்றும் இல்லை. கால் வைக்கப் போன இடத்தில் படி இல்லாததைப் போல. ஊர் தெரிந்தது, தகப்பன் முகம் தெரிந்தது, ஆயிரம் செடிகளின் லத்தீன் பெயர் தெரிந்தது. அந்த ஒன்று இருந்த இடத்தில் பொந்து. குளிர்காற்று.

"ஐயா? உங்கள் பெயர்?"

சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். படம் அவருடையது. பக்கத்தில் எழுத்துகள் இருந்தன. எறும்பு வரிசையைப் போல இருந்தன. ஒன்றையும் படிக்க முடியவில்லை.

மூவரில் ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

எழுந்து வெளியே வந்தார். விறாந்தையில் காத்திருந்த சேதுபதி பதறி எழுந்தான். "சார், என்ன ஆச்சு? வேர்த்துக் கொட்டுது... தண்ணி குடிக்கிறீங்களா சார்?"

"விலகடா."

"சார், கழுத்துல என்னமோ ஒட்டியிருக்கு. வேரு மாதிரி..."

அவர் நின்று கேட்கவில்லை.

வீட்டில் பூரணம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அவள் முன்னே போய் நின்றார். மங்களம் டீச்சர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. வீட்டு ஆள். மரத்துக்கு முன்னால். பேரைச் சொல்லி. அவருக்கு இருந்த வீட்டு ஆள் இவள் ஒருத்திதான்.

"என்ர பேரைச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். "ஐயோ, இதென்ன கதை. உங்கட ஆயுசு குறைஞ்சுபோம்."

"சொல்லெண்டாச் சொல்லு!"

"என்னண்டு சொல்லுறது? வாய் வராது எனக்கு." அவர் முகத்தைப் பார்த்ததும் கீரையைக் கீழே வைத்தாள். "ஏன் இப்பிடி வெளிறிப்போய் நிக்கிறியள்? என்ன நடந்தது? எனக்குச் சொல்லுங்கோவன். நான் என்ன செய்யவேணும்?"

சொல்லியிருக்கலாம். பூரணம், எனக்குப் பயமாயிருக்கிறது, என்னோடு காட்டுக்கு வா, மரத்தின் முன் நின்று என்னைக் கூப்பிடு, என்று. அவள் வந்திருப்பாள். அந்த முகம் வருகிறேன் என்றுதான் சொன்னது. ஆனால் இவளிடமா? எழுத்துக்கூட்டிச் செய்தித்தாள் படிக்கிறவளிடமா கைகட்டி நிற்பது?

"உனக்கு விளங்காது. நீ கீரையை ஆய்."

கூடத்தில் சட்டங்களின் வார் அறுந்து கிடந்தது. செய்தித்தாள்கள் விரிந்து கிடந்தன. செடி இல்லை. தாளில் ஈரமாக ஐந்து விரல்களின் தடம் மட்டும்.

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மண்டாய் சாலையில் இறங்கியபோது பொழுது இருந்தது. மழைமேகம் கவிந்து பொழுதைப் பாதியாக்கியிருந்தது. ரப்பர் மரங்களின் பால்கிண்ணங்களில் பழைய மழைநீர் கறுத்துக் கிடந்தது. தொட்டாற்சிணுங்கி அவர் கால்படும் முன்பே சுருங்கியது. பிரம்பு முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை தம்மோடு வராமல் நின்றுவிட்ட கரிச்சான் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அவரைக் கண்டதும் மங்களம் டீச்சரின் குரலில் "ஐயா, வழி விடுங்க" என்றது. பறந்துபோனது.

பறவைதான். திருப்பிச் சொல்லும் பறவை.

அத்தி மரம் நின்றது. பழங்கள் இன்னும் கறுத்திருந்தன.

இப்போதாவது கைகூப்பியிருக்கலாம். கல்லும் சூலமும் அங்கேதான் இருந்தன. அவர் கத்தியை நீட்டிக்கொண்டு போனார்.

"குடு. என்ர பேரைத் திருப்பிக் குடு."

பொந்தருகே குனிந்தார். காதை வைத்தார்.

இருமல். உள்ளே. மிக அருகில்.

பிறகு அவர் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓதியது. அவர் பெயர். ஒருமுறை. அது காதில் விழுந்தது, அழகாக, முழுசாக. விழுந்த உடனே நழுவியது. இரண்டாம் முறை. தலையை இன்னும் உள்ளே விட்டார். பிடிக்க வேண்டும். மூன்றாம் முறை வேர்களுக்கு அப்பால், ஆழத்திலிருந்து வந்தது. தோளை நுழைத்தார். தோள் சரியாகப் பொருந்தியது. தைத்துப் போட்ட சட்டையைப் போல.

தலையெண்ணெய் வாசம்.

கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி ஒரு வேரில் தொங்கியது. எடுக்கக் கையைத் தூக்கினார். கை வரவில்லை. இழுத்தார். தாடையில், கத்தி பட்ட இடத்திலிருந்து, ஏதோ இறங்கி மண்ணைத் தேடியது. பிடரியில் இன்னொன்று. மணிக்கட்டில். மெதுவாக. அவசரமே இல்லாமல். இறுக்கியது.

"பூரணம்!"

சத்தம் வரவில்லை. நாக்கின்கீழ் பால்.

பின்னால், வெளியே, காய்ந்த இலைமேல் யாரோ கால்வைத்தார்கள். புதுசாக நடக்கப் பழகுகிறவன் மாதிரி ஓர் அடி. இன்னோர் அடி. தொண்டையைச் செருமினான். சட்டையைத் தட்டிவிட்டான். பாதையில் இறங்கிப் போனான். தோட்டத்து ஓரத்தில் பறவைகள் எல்லாம் ஒரே குரலாகக் கத்தத் தொடங்கின.

மழை வந்தது.

குரல்கள் கேட்டபோதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்தது. வேர்களின் இடுக்கு வழியாகப் பார்த்தார். கண் ஒன்றுதான் அவருக்கு மிச்சம். செருப்புகள், பொட்டலங்கள், மந்தை. மங்களம் டீச்சர் அவருக்கு நேரே வந்து நின்று கைகூப்பினாள்.

"ஐயா, வழி விடுங்க. பாத்துட்டுப் போயிடறோம்."

போகாதே, என்றார். ஓர் இலை அசைந்தது.

அவளுக்குப் பின்னால் ஏரம்பமூர்த்தி வந்தார். அதே சட்டை, அதே எண்ணெய் மினுங்கும் தலை. கண்ணாடி இல்லாததால் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றினார், தலை குனிந்தார். "ஐயா, வழி விடுங்கோ," என்றார் பணிவாக.

"பாருங்கய்யா!" என்று சேதுபதி சிரித்தான். "வியாழக்கிழமை பேரையே மறந்துட்டு ஓடுனாரு. வெள்ளிக்கிழமை காலையில வந்து எல்லாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டு, மறுபடி உக்காந்து பதில் சொல்லி, நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டாரு லா! என்கிட்டயே மன்னிப்புக் கேட்டாரு. எனக்குக் கோவங்கூட வரலை."

ஏரம்பமூர்த்தி நாணத்தோடு சிரித்தார். அந்த வாய் அப்படிச் சிரித்ததே கிடையாது.

"அக்காவும் வந்திருக்கீங்க, சந்தோசம்," என்றாள் மங்களம்.

அக்கா. பூரணம். இத்தனை வருஷத்தில் அவர் அவளை ஒரு நடைக்கும் அழைத்துவந்ததில்லை. நல்ல புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்திருந்தாள். "அவர்தான் வா எண்டவர்," என்றாள். "நேற்றுக் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். நல்லாயிருக்கு எண்டவர்." கொஞ்சம் நிறுத்தி, தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்: "இவர் ஒருநாளும் என்ர குழம்பை நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லை."

மற்றவர்கள் கடந்துபோனார்கள். அவள் போகவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டே வந்தாள். வேரில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த கண்ணைப் பார்த்தாள்.

அவர் பார்த்தார். இருந்த அத்தனையையும் அந்த ஒரு கண்ணுக்குக் கொண்டுவந்து பார்த்தார். சொல்லு. ஒருதரம். ஆயுசு போனால் போகட்டும். பூரணம். அம்மா. சொல்லு.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கை வாயை மூடப் போனதும், பாதி வழியில் நின்றதும் அவருக்குத் தெரிந்தது. அவள் உதடு பிரிந்தது. முதல் எழுத்துக்கு உதடு எப்படி விரியுமோ அப்படி விரிந்தது.

வளைவுக்கு அப்பால் ஏரம்பமூர்த்தி யாருக்கோ பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்து, "முதல்ல நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பூரணம் உதட்டை மூடினாள். வேர்களுக்குள் கைவிட்டு, கண்ணாடியை மெல்ல எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். ஒருபக்கம், மறுபக்கம், பால் பிசுக்குப் போகும்வரை.

"இஞ்சேருங்கோ," என்று கூப்பிட்டாள், திரும்பி நின்று. "உங்கட கண்ணாடி இஞ்ச கிடக்கு."

"வாறன் அம்மா," என்றது அவர் குரல்.

காலடிகள் வந்தன. போயின. பேச்சு தேய்ந்தது. தோட்டத்து ஓரத்தில் கரிச்சான் அவர்களோடு சேர்ந்துகொண்டு கத்தியது. வேர் இடுக்கில் வெளிச்சம் ஒரு பச்சைக் கறையாக மங்கியது. அந்த மங்கலில், ஊசி முனையளவு குளவி ஒன்று கண்ணிமையில் வந்து உட்கார்ந்தது. அத்திக்காய்க்குள் முட்டையிடவென்றே பிறந்த குளவி. அதை அவருக்கு நன்றாகத் தெரியும். காயின் துளை சிறிது. உள்ளே நுழையும்போது சிறகு இரண்டும் பிய்ந்து வெளியே விழும், அது பின்வாங்காது.

அது துளையைத் தேடிக்கொண்டு, கண்ணின் ஓரமாக, நடந்தது.